அரைக் கிலோவின் மாயை

பெங்களூருவில் ரோடு சைக்கிள் விற்கும் கடைகளில் ஒரு சடங்கைக் காணலாம். வாங்க வந்தவர், வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்ப்பதற்கு முன்பே, சட்டகத்தின் மேற்குழாய்க்கு அடியில் இரண்டு விரல்களைக் கொடுத்து அதைத் தூக்குகிறார். வண்டி சிரமமின்றி மேலெழும்பினால் அவர் முகம் மலர்கிறது. குறிப்பறிந்த கடைக்காரரும் அதைக் கொக்கித் தராசில் மாட்டி எடையைக் காட்டுகிறார். தூக்குவதற்கு இலேசான வண்டி மிதிப்பதற்கும் வேகமான வண்டி என்பது இங்கே யாரும் சந்தேகிக்காத சித்தாந்தமாகிவிட்டது. அந்தச் சித்தாந்தத்தின் பேரில், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, கார்பன் சக்கரம், கார்பன் ஹேண்டில்பார், டைட்டானியம் திருகு என்று மாதந்தோறும் ஏதேனும் ஒன்றை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் அநேகர்.

இந்த அபிப்பிராயத்தைச் சோதிக்க நந்தி மலையைவிடத் தகுந்த இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னரே ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டி, எலகங்கா, தேவனஹள்ளி வழியாக விளக்குகள் மினுங்க வடக்கு நோக்கிப் போகும் சைக்கிள் கூட்டம் நாடுவது அந்த 1,478 மீட்டர் உயரச் சிகரத்தைத்தான். கார்ன்வாலிஸின் படை 1791-இல் திப்புவிடமிருந்து கைப்பற்றிய அதே மலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை சாலை சுமார் ஏழரைக் கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 400 மீட்டர். எடைக் குறைப்புக்குப் பரிந்து பேசுவோர், அதன் நன்மை முழுமையாக வெளிப்படும் இடம் மலையேற்றம் என்பர். நல்லது, அவர்கள் தேர்ந்தெடுத்த களத்திலேயே கணக்கைப் பார்ப்போம்.

72 கிலோ எடையுள்ள ஒருவர், ஒன்பது கிலோ சைக்கிள், உடை, காலணி, தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாம் சேர்த்து நான்கு கிலோ என்று வைத்துக்கொண்டால், மலைமேல் ஏற வேண்டிய மொத்தச் சுமை 85 கிலோ. இவர் முப்பது நிமிஷத்தில் உச்சியை அடைகிறவர் என்போம். இப்போது ஷிமானோ நிறுவனத்தின் 105 வரிசைக் கியர், பிரேக் பாகங்களைக் கழற்றிவிட்டு அதே நிறுவனத்தின் உச்ச வரிசையான டூரா-ஏஸைப் பூட்டினால் (மின்சாரக் கியர் இல்லாத முந்தைய தலைமுறை வண்டிகளில்) குறைவது நானூறு கிராமை ஒட்டிய எடை. தாராளமாக அரைக் கிலோ என்றே கொடுத்துவிடுவோம். 85 கிலோவில் அரைக் கிலோ என்பது நூற்றுக்கு 0.6 பங்கு. அவர் செலவிடும் சக்தி முழுவதும் புவியீர்ப்பை வெல்வதற்கே போகிறது, காற்றும் டயரும் ஒன்றுமே தின்னவில்லை என்று எதிர்க்கட்சிக்குச் சாதகமாகவே அனுமானித்தாலும், அரை மணி நேரப் பிரயத்தனத்தில் மிஞ்சுவது 11 விநாடிகூட இல்லை. சட்டகத்தில் மாட்டியிருக்கும் 750 மில்லி தண்ணீர்ப் புட்டியை அடிவாரத்தில் கொட்டிவிட்டால் அதைவிடக் கூடுதலான எடை, செலவில்லாமல் வண்டியை விட்டு இறங்கிவிடும். பல்லக்கின் குஞ்சங்களை அறுத்தெறிந்துவிட்டுச் சுமப்பவனின் பாரத்தைக் குறைத்துவிட்டதாக ஜமீன்தார் உள்ளேயிருந்தபடியே பெருமிதம் கொள்வதைப் போன்றது இது.

மலையை விட்டுச் சமதரைக்கு வந்தால் வழக்கு இன்னும் பலவீனமாகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போகிறவனுடைய சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் காற்றே வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி டயர் உருள்வதில் கரைகிறது. அரைக் கிலோ குறைந்ததால் அங்கே கிடைக்கும் லாபம் கால் வாட்டைக்கூட எட்டுவதில்லை. அந்தக் காற்றில் பெரும்பங்கை எதிர்த்து நிற்பதோ சைக்கிள் அல்ல, அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் சரீரம். சந்தேகமுள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் அதிகத் தூரம் சைக்கிள் ஓட்டும் சாதனையின் சரித்திரத்தைப் பார்க்கலாம். 1972-இல் எடி மெர்க்ஸ், சங்கிலியைக்கூடத் துளையிட்டு எடை குறைத்த, ஆறு கிலோவுக்கும் குறைவான சைக்கிளில் மெக்சிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1996-இல் கிறிஸ் போர்ட்மன், கைகளை முன்னே நீட்டிக் காற்றைக் கிழிக்கும் நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அதே போர்ட்மன், பழைய பாணிச் சைக்கிளும் பழைய பாணி உட்காரும் நிலையுமாக 2000-இல் ஓட்டியபோது எட்டியது 49.441, மெர்க்ஸைவிடப் பத்து மீட்டர் மட்டும் அதிகம். இடைப்பட்ட நான்காண்டுகளில் அவர் உடல் தளர்ந்திருந்தது என்று எவ்வளவு கழித்தாலும், அந்த ஏழு கிலோமீட்டர் வித்தியாசத்தில் பெரும்பகுதியைக் காற்றின் கணக்கில்தான் எழுத வேண்டும். (சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு ஏறி வருகிறவருக்கு, இவ்வூர் 900 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால், காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தே கிடைக்கிறது. இந்தச் சலுகையை எந்தக் கடையும் விற்பதில்லை.)

இங்கே ஒரு வாதம் தவறாமல் எழும்: சுழலும் பாகத்தின் எடை இரட்டிப்பாகக் கணக்காகும், ஆகவே சக்கரத்தில் குறைக்கும் ஒவ்வொரு கிராமும் பொன். விளிம்பில் இருக்கும் எடைக்கு மட்டும், வேகம் கூட்டும் தருணத்தில் மட்டும், இது மெய்தான். இரு விளிம்புகளிலுமாக 200 கிராம் குறைத்துவிட்டு, சிக்னலில் நின்ற வண்டியை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவந்தால் மிச்சமாவது 20 ஜூல். ஆளும் வண்டியுமாகச் செலவாவதோ 4,250 ஜூல். ஒரே வேகத்தில் மலையேறும்போது அந்த இரட்டிப்பும் மறைந்துவிடுகிறது. விளிம்பில் இருக்கும் கிராமும் இடுப்பில் இருக்கும் கிராமும் அங்கே ஒரே ஜாதி.

எடைக்கு ஒரு மதிப்புமே இல்லை என்று சாதிப்பது என் நோக்கமன்று. நாள் முழுவதும் மலைகளைத் தாண்டி, கடைசி ஏற்றத்தில் சில விநாடிகளில் வெற்றியைத் தீர்மானிக்கும் தொழில்முறைப் பந்தயக்காரனுக்கு 11 விநாடி என்பது பெரிய சொத்து. ஆனால் அவனுக்கே, 2000-ஆம் ஆண்டு முதல், 6.8 கிலோவுக்குக் கீழே சைக்கிள் இறங்கக்கூடாது என்று சர்வதேசச் சம்மேளனம் எல்லைக்கோடு போட்டிருக்கிறது. அந்த வீரனுக்குக்கூட அனுமதியில்லாத இலேசை, உச்சியில் இளைப்பாறி, இறங்கிவந்து இட்டலியும் காப்பியும் முடித்துவிட்டு வீடு திரும்பும் அலுவலக நண்பர் ஏன் துரத்த வேண்டும்? அழகான பொருளைத் தொட்டு அனுபவிக்கும் இன்பத்துக்காக வாங்குகிறேன் என்று அவர் சொன்னால் ஆட்சேபமில்லை. கௌரவத்துக்காக என்றாலும் வாதாட மாட்டேன். வேகத்துக்காக என்று சொல்லும்போதுதான் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

உண்மையில், அவருடைய வண்டியைக் குனிந்து பார்த்தால் வேகம் எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். இலட்சத்தைத் தாண்டும் சக்கரத்தின்மேல் தடித்த, மலிவான டயர்; அதற்குள் எப்போதோ அடித்த காற்று; மழைச் சேறும் பழைய எண்ணெயும் சேர்ந்து கருத்துக் கெட்டித்த சங்கிலி; அரை அங்குலம் தாழ்ந்துவிட்ட சீட்டு; எதிர்க்காற்றில் பாய்மரமாக உப்பி நிற்கும் தொளதொளத்த மேற்சட்டை. நல்ல டயர் ஒரு ஜோடி மாற்றினால் சமதரையில் பத்து வாட்டுக்கு மேலும் மிச்சப்படுத்தலாம். சங்கிலியைத் துடைத்து எண்ணெய் இடுவதற்கு ஒரு பழந்துணியும் அரை மணி நேரமும் போதும்.

ஆகையால், அடுத்த பாகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், வண்டியை இப்போதிருக்கும் நிலையிலேயே எடுத்துக்கொண்டு, டயரில் சரியான காற்றுடன், துடைத்த சங்கிலியுடன், உடலுக்கு ஏற்ற இறுக்கமான உடையில் ஒருமுறை நந்தி ஏறிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த 11 விநாடி வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள். என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவீர்கள்.