கேஷ் சைஸைக் கூட்டாதீங்க மக்கா!

மைஎஸ்க்யூஎல் மெதுவா ஓடுதுன்னு எங்கயாவது வாயைத் திறந்தா போதும், 'க்வெரி கேஷ் சைஸைக் கூட்டு'ன்னு சொல்ல ஒரு அண்ணாச்சி கிளம்பி வந்துடுவார். காய்ச்சல்னு சொன்னதும் மாத்திரையை நீட்டுற மாதிரி.

அவரை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. மைஎஸ்க்யூஎல்ட்யூனர் ஸ்கிரிப்டை ஓட்டினா, 'ஒரு நாளைக்கு இத்தனை ப்ரூன்'னு ரெண்டு ஆச்சரியக்குறி போட்டுப் பயமுறுத்தும். பழைய வெர்ஷன்கள் 'சைஸைக் கூட்டு'ன்னு கீழேயே சிபாரிசும் செய்யும். நம்மாளு 16 எம்பியை 512 ஆக்கிட்டு நிம்மதியா டீ குடிக்கப் போயிடுவார்.

ஓய், ப்ரூன் வேற, இன்வேலிடேஷன் வேற! இடம் பத்தாம பழைய ரிசல்ட்டைத் தூக்கி எறியறது ப்ரூன். டேபிள்ல யாரோ எழுதினதால ரிசல்ட் செல்லாமப் போறது இன்வேலிடேஷன். முதலாவதுக்கு ஒரு கவுண்டர் இருக்கு, அதனால எச்சரிக்கையும் வருது. ரெண்டாவதுக்குத் தனிக் கவுண்டரே கிடையாது. ஆளைக் கொல்றது அதுதான்.

தோவாளை பூச்சந்தையில ஒரு வியாபாரி பிச்சி, மல்லி, அரளி, கிரேந்தின்னு எல்லா விலையையும் ஒரே போர்டுல எழுதி வச்சிருக்கார்னு வைங்க. பிச்சி விலை மட்டும் ஏறுது. அவர் மொத்த போர்டையும் அழிச்சா சிரிக்க மாட்டோமா? க்வெரி கேஷ் அதைத்தான் செய்யுது. ஒரு டேபிள்ல ஒரே ஒரு வரி மாறினாலும் அந்த டேபிளைத் தொட்ட எல்லா ரிசல்ட்டும் காலி. அழிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரே பூட்டு, மத்தவங்க எல்லாம் வரிசையில. போர்டு பெருசானா அழிக்கிற நேரமும் பெருசு. பத்துக் கணக்கில எம்பி போதும், நூத்துக் கணக்கில போனா பலன் இல்லாமப் போகலாம்னு மைஎஸ்க்யூஎல் மேனுவலே எச்சரிச்சிருந்துச்சு. யார் படிச்சா? :-)

நாகர்கோவில்ல ஒரு மொத்தக் கடையோட பில்லிங் சர்வர்ல இதே கூத்துதான். ஒவ்வொரு பில்லுக்கும் ஸ்டாக் டேபிள்ல அப்டேட். சாயங்காலக் கூட்டத்துல ப்ராசஸ் லிஸ்டைப் பார்த்தா 'வெயிட்டிங் ஃபார் க்வெரி கேஷ் லாக்'னு வரிசையா நிக்குது. கவுண்டர்ல பையோட நிக்கிற சனங்க கேஷியர் பொண்ணைத் திட்டுது. சைஸை 0 ஆக்கி, அந்த மெமரியை இன்னோடிபி பஃபர் பூலுக்குக் கொடுத்தோம். அந்த வரிசை மறைஞ்சுது.

"எங்க சைட்ல கூட்டினதும் வேகமாச்சே"ம்பீங்க. ஆயிருக்கும். எழுதறது கம்மி, படிக்கிறது அதிகம்னா அது நல்லாவே வேலை செய்யும். பின்கோடு டேபிள் தினமுமா மாறுது?

2001-ல 4.0.1 வெர்ஷன்ல வந்த சமாச்சாரம் இது. 2017-ல 5.7.20-லயே இனி வேண்டாம்னு அறிவிச்சு, 2018-ல 8.0-ல அடியோட எடுத்துட்டாங்க. ஆனா மரியாடிபியில இன்னும் இருக்கு. 5.7-க்கு 2023 அக்டோபரோட ஆதரவு முடிஞ்சும் அதை ஓட்டுறவங்க நிறைய. அங்கெல்லாம் ஆச்சரியக்குறியைப் பார்த்ததும் கான்ஃபிக் ஃபைலைத் திறக்காதீங்க. கேஷ் ஹிட்ஸ் எத்தனை, இன்சர்ட்ஸ் எத்தனைன்னு முதல்ல பாருங்க. ரெண்டும் சேர்ந்தே ஏறிக்கிட்டு இருந்தா, எழுதி எழுதி அழிக்கிறதுக்குத்தான் சர்வர் சம்பளம் வாங்குது.