இரத்தமும் ஒரு திசுவே!

உயிரணுக்கள் பல ஒன்றுகூடி ஒரே பணியை ஆற்றுமாயின் அத்தொகுதியைத் திசு என்கிறோம். பிரான்சு நாட்டு மருத்துவர் பிஷா, நுண்பெருக்கியின் துணையின்றியே, 1800-ஆம் ஆண்டளவில் மனித உடலின் திசுக்களை 21 வகைகளாகப் பிரித்துக் காட்டினார். இன்று அவற்றை நான்கு பெரும் பிரிவுகளுள் அடக்குகின்றனர். மேல்தோலாகவும் குடலின் உள்ளுறையாகவும் அமைந்து நம்மைக் காப்பது எபிதீலியத் திசு. அசைவுக்குத் தசைத் திசு. உணர்வுக்கும் சிந்தனைக்கும் நரம்புத் திசு. இம்மூன்றையும் தாங்கியும் இணைத்தும் ஊட்டியும் நிற்பது இணைப்புத் திசு.

இந்நான்கினையும் நாம் படம் வரைந்து, பாகம் குறித்து, மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுகிறோம். அத்துடன் பாடம் முடிந்துவிடுகிறது. அவ்வாறு முடியலாகாது, அது நம் உணவுத் தட்டு வரை வரவேண்டும் என்பதே என் கருத்து.

எலும்பு, குருத்தெலும்பு, தசைநாண், கொழுப்பு ஆகியவற்றோடு இரத்தமும் ஓர் இணைப்புத் திசுவே. ஓடும் நீர்மம் எங்ஙனம் திசுவாகும் எனச் சிலர் வியக்கலாம். எலும்பில் உயிரணுக்களுக்கு இடையே கெட்டியான பொருள் நிறைந்திருப்பதுபோல், இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்மம் நிறைந்திருக்கிறது. அவ்வளவே வேறுபாடு.

இரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களே. நான்கு மாதங்களுக்கு முன் நம் உடலில் ஓடிய சிவப்பணுக்களுள் பெரும்பாலானவை இன்று இல்லை. எலும்பு மஜ்ஜை அன்றாடம் புதியவற்றை ஆக்கித் தருகிறது. அதற்கு இரும்புச் சத்தும் புரதமும் வேண்டும். அவை நாம் உண்ணும் உணவிலிருந்தே வரவேண்டும்.

உண்மை நிலை என்ன? 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. அதே வயது ஆண்களுள் 25 விழுக்காட்டினருக்கே உண்டு. ஏழ்மைதான் காரணம் என்பர் சிலர். ஏழ்மை ஒரு காரணமே. ஆனால் ஒரே கூரையின் கீழ் ஒரே அடுப்பில் சமைத்து உண்போரிடையே இத்துணை வேறுபாடு ஏன்? மாதந்தோறும் இரத்தம் இழப்பவர்கள் பெண்கள். இழப்பவளுக்கு அன்றோ கூடுதலாக உணவிட வேண்டும்? பல இல்லங்களில் முட்டையும் மீனும் முதலில் அண்ணனுக்கும் தம்பிக்கும் போகின்றன. மிஞ்சியதே மகளுக்கும் தாய்க்கும்.

இரத்தம் குறைந்தால் மற்றத் திசுக்களும் வாடும். தசைக்கும் மூளைக்கும் உயிர்வளியைச் சுமந்து செல்வது சிவப்பணுவே. படியேறினால் மூச்சிரைக்கும், படித்தது மனத்தில் நில்லாது. அத்தகைய மாணவியைச் "சோம்பேறி" என்று ஏசுவது எளிது. ஏசுமுன் அவளது இரத்தத்தைச் சோதிப்பதே முறை. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது.

எலும்பின் நிலையும் அதுவே. வாழ்நாள் முழுமைக்கும் நமக்கு வேண்டிய எலும்பு வலிமையின் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்பள்ளிப் பருவத்தில் சேமிக்காததை முதுமையில் எடுப்பதெங்ஙனம்?

இதற்கெல்லாம் பெருஞ்செல்வம் தேவையில்லை. முருங்கைக்கீரையும், எள்ளும், பயறு வகைகளும் நம் சந்தையில் கிடைப்பவையே. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் கீரையின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது தடைப்படும்.

தோழியரே, மெலிவதே அழகென்று எண்ணிக் காலை உணவைத் துறவாதீர்கள். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைச் சன்னல் வழியே எறியாதீர்கள், உண்டபின் விழுங்குங்கள். அன்னையரே, மகளுக்கும் மகனுக்கும் ஒன்றாக அமர்த்திப் பரிமாறுங்கள். நீங்களும் உடன் அமருங்கள். ஆசிரியைகளே, அருட்சகோதரிகளே, திசுப் பாடம் நடத்தும் நாளில், "காலையில் என்ன உண்டாய்?" என்று ஒவ்வொருத்தியையும் வினவுங்கள்.

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும். கல்வி என்னும் சித்திரத்திற்குத் திசுக்களே சுவர். அச்சுவரை இன்றே வலுப்படுத்துவோமாக!