எல்லையைக் கடக்கும் கோப்பும் கடக்காத பொட்டலமும்

இணையக் கடை தொடங்க விரும்புவோருக்கு இன்று எங்கும் ஒரே அறிவுரை கிடைக்கிறது: சரக்கை விடுங்கள், டிஜிட்டல் பொருளை விற்பனை செய்யுங்கள். கிடங்கு தேவையில்லை, பொதி கட்ட வேண்டியதில்லை, ஒருமுறை உருவாக்கிய கோப்பை எத்தனை முறையும் விற்கலாம். இவற்றில் பொய் இல்லை. ஆயினும் ஒற்றசேகரமங்கலம் முதல் பாறசாலை வரையிலான எல்லைக் கிராமங்களில் சரக்கைவிடக் கோப்பு எளிதாக இருப்பதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. மாநில எல்லையும் அதன்மேல் எழுந்த வரிச்சட்டமும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூரின் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவும் சந்தையும் கோட்டின் இருபுறமும் தொடர்ந்தன. களியக்காவிளைக்கும் மார்த்தாண்டத்துக்கும் போய்வருவது இம்மக்களுக்கு இன்றும் அன்றாட நடப்பு.

இக்கிராமத்துப் பெண் ஒருவர் வீட்டில் நேந்திரங்காய் வற்றல் பொரித்து இணையத்தில் விற்பதாகக் கொள்வோம். மின்வணிகத் தளம் வழியே விற்கும் சிறு வணிகருக்குக் கட்டாய ஜி.எஸ்.டி. பதிவிலிருந்து விலக்கு 2023 அக்டோபர் 1 முதல்தான் கிடைத்தது. அதுவும் சரக்கு மாநிலத்துக்குள் மட்டும் விற்கப்பட்டால்தான். அவருடைய பொட்டலம் காசர்கோடு வரை தடையின்றிப் போகும். கூப்பிடு தொலைவிலுள்ள களியக்காவிளைக்குப் போக வேண்டுமானால் பதிவெண் வேண்டும், அதன்பின் தவணைதோறும் கணக்குத் தாக்கல் வேண்டும். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு நிபந்தனைகளுடன் தனி விலக்கு உண்டு. வற்றல் அப்பட்டியலில் சேராது. அதே பெண் தையல் வடிவங்களைக் கோப்பாக்கி விற்றால் சட்டம் அதைச் சேவை என்று கொள்கிறது. சேவைக்கு ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய் வரை, மாநிலம் கடந்தாலும், 2017 இறுதியிலிருந்தே பதிவுக் கட்டாயம் இல்லை. இதைத் தொழில்முனைவோரின் ‘தேர்வு’ என்று அழைப்பது எவ்வளவு பொருந்தும்?

டிஜிட்டல் பொருள் உண்மையிலேயே மேலானதாகும் இடமும் இங்கு உண்டு. கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பல தேர்வுகளுக்குத் தமிழிலும் வினாத்தாள் வழங்கப்படுகிறது. அவற்றைத் தமிழில் எழுதுவோர் எண்ணிக்கையில் சிலர். அவர்களும் தேவிகுளம், பீர்மேடு, சிற்றூர், நெய்யாற்றின்கரை எனச் சிதறி வாழ்கின்றனர். அவர்களுக்கான பயிற்சிநூலை அச்சிட எந்தப் பதிப்பகமும் எளிதில் முன்வராது. கோப்பாக விற்றால் ஐம்பது பேர் வாங்கினாலும் இழப்பில்லை. ஆனால் முதல் வாரத்திலேயே அது வாட்ஸ்அப் குழுக்களில் இலவசமாகச் சுற்றத் தொடங்கும் என்பதை அறிவுரையாளர்கள் சொல்வதில்லை. படியெடுக்கச் செலவில்லாத பொருளின் விலை சுழியை நோக்கிச் சரிவதும் இயல்பே.

பாலராமபுரத்து நெசவாளருக்கோ இந்த அறிவுரை உதவாததோடு ஆபத்தானதும்கூட. பாலராம வர்மாவின் ஆட்சிக்காலத்தில் தமிழ்நிலத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர் மரபு அது; குழித்தறியில் மெல்லிய பருத்தி நூலும் கசவும் சேர்த்து நெய்யப்படும் அந்தத் துணிக்குப் புவிசார் குறியீடும் உண்டு. அதன் மதிப்பு விரல் உணரும் நெசவில் இருக்கிறது. அதைக் கோப்பில் அனுப்ப இயலாது. கரையின் வடிவத்தை மட்டும் கோப்பாக்கி விற்றால் முதலில் வாங்குபவர் விசைத்தறிக்காரராகவே இருப்பார். குறியீடு காப்பது ஊரின் பெயரை. கணினிக்குள் போய்விட்ட வடிவத்தைத் திரும்பப் பெற அது நெசவாளருக்குப் பெரிதாக உதவாது.

வணிகவியல் துறைகளின் ஆய்வேடுகள் டிஜிட்டல் பொருளின் ‘குறைந்த நுழைவுத்தடை’ பற்றி நிறையவே பேசுகின்றன. சரக்கின் முன் அந்தத் தடையை நிறுத்தியது யார் என்பதையும் அவை ஆராய வேண்டும். சேவைக்குத் தந்த அதே 20 லட்சம் ரூபாய் வரம்பை, மாநிலம் கடந்து சரக்கு விற்கும் சிறு வணிகருக்கும் ஜி.எஸ்.டி. மன்றம் விரிவுபடுத்தட்டும். வற்றலா கோப்பா என்பதை அதன்பின் அந்தப் பெண்ணே முடிவுசெய்து கொள்வார்.