விழித்திருப்பதா பெருமை?

தூக்கத்தைத் துறப்பவனே எழுத்தாளன் என்றொரு மூடநம்பிக்கை எமது பத்திரிகை உலகில் வேரூன்றிக் கிடக்கிறது. அது பொய் மட்டுமன்று. இளையவர்களின் ஆற்றலைத் தின்னும் பொய்.

முப்பது ஆண்டுகளாக ஆசிரியபீடங்களில் இருந்து பார்த்தவன் நான். ஊரடங்கு இரவுகளில் வீடு திரும்ப வழியின்றிப் பழைய பத்திரிகைக் கட்டுகளின் மேல் தலைசாய்த்தோம். அது நிர்ப்பந்தம். அந்த நிர்ப்பந்தத்தைப் பின்னர் தொழிலின் இலட்சணமாக்கிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டியும் இருப்பவன் உழைப்பாளியாம். நேரத்துக்கு வீடு செல்பவன் ஆர்வமற்றவனாம். அந்த உழைப்பாளி பின்னிரவில் எழுதிய தலையங்கத்தைக் காலையில் வாசித்துப் பாருங்கள். நேற்றைய சொற்றொடர், நேற்றைய உவமை, நேற்றைய முடிவு. களைத்த மூளை பழகிய தடத்திலேயே ஓடும்.

வள்ளுவரே துயிலைப் பழித்திருக்கிறாரே என்பர் சிலர். அவர் அதனைக் காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல் என்பவற்றோடு சேர்த்து, மடியின்மை அதிகாரத்தில் வைத்துப் பேசினார். அங்கே கண்டிக்கப்படுவது சோம்பேறியின் துயில். உழைத்தவனின் உறக்கம் அன்று.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது? 2004 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஜேர்மன் ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டனர். ஒரு கணக்குப் புதிரில் குறுக்குவழியொன்று மறைந்திருந்தது. புதிரோடு பழகிய பின் இரவு உறங்கி எழுந்தவர்களில் அதனைக் கண்டுபிடித்தோர் தொகை, விழித்திருந்தவர்களைவிட இரு மடங்குக்கும் அதிகம். 2021 இல் பாரிஸ் ஆய்வாளர்கள் 103 பேரைக் கொண்டு அத்தகைய சோதனையை நடத்தினர். இடைவேளையில் விழித்தே இருந்தவர்களில் 30 வீதத்தினர் குறுக்குவழியைக் கண்டனர். தூக்கத்தின் வாசலில் கால் நிமிடமேனும் நின்றவர்களில் 83 வீதத்தினர் கண்டனர். ஓரிரு ஆய்வுகள் முடிந்த முடிவாகா. ஆயினும் விழிப்பே ஆக்கத்தின் தாய் என்போர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தூக்கத்தைப் பகிரங்கமாக இகழ்ந்த எடிசனின் நூலகத்திலேயே அவருக்கென ஒரு சிறு கட்டில் இருந்ததே, அதற்கும் சேர்த்துச் சொல்லட்டும்.

அப்படியானால் படுத்துக் கிடந்தால் போதுமா என்று கேலி செய்வார்கள். போதாது. நரம்புகள் இரசாயனப் பொருள் மூலம் செய்தி கடத்தக்கூடும் என்ற எண்ணம் ஒட்டோ லோவிக்கு 1903 அளவிலேயே தோன்றியது. அதனைச் சோதிக்கும் வழி ஏறத்தாழ 17 ஆண்டுகளின் பின்னரே கனவில் வந்தது. எழுந்து கிறுக்கி வைத்தார். காலையில் தமது எழுத்தைத் தம்மாலேயே வாசிக்க முடியவில்லை. மறுநாள் இரவு அந்த எண்ணம் மீண்டும் வந்தது. உடனே ஆய்வுகூடம் சென்று தவளை இதயங்களில் பரிசோதித்தார். 1936 இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இராமானுஜனின் கதையையும் நாம் பாதியாகவே சொல்கிறோம். நாமகிரித் தாயார் கனவில் அருளினாள் என்று அவர் கூறியதை நினைவில் வைத்திருக்கும் நாம், ஆயிரக்கணக்கான தேற்றங்கள் கொண்ட கார் என்பவரின் நூலோடு பதின்ம வயதிலேயே மல்லுக்கட்டி, சிலேட்டில் எழுதி எழுதி அழித்த உழைப்பை மறந்துவிடுகிறோம். கனவு கடன் தருவதில்லை. வைப்பிலிட்டவனுக்கே வட்டி தருகிறது.

இனி, சடங்குகள். இன்ன பேனா, இன்ன மேசை, இத்தனையாவது பிளேன்ரீ என்று எழுத்தாளர்கள் பேசிக்கொள்வது வெறும் அலங்காரமாக இருக்கலாம். ஆனால் ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி ட்ரொலொப்பைப் பாருங்கள். தபால் திணைக்கள உத்தியோகத்தர். விடியற்காலையில் தம்மைக் கோப்பியோடு எழுப்புவதற்கென்றே பணியாளருக்கு ஆண்டுக்கு ஐந்து பவுண் மேலதிகமாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னே வைத்துக் கால் மணிக்கு 250 சொற்கள் எழுதினார். நாற்பதுக்கு மேற்பட்ட நாவல்கள் பிறந்தன. அவரது சடங்கில் மந்திரம் ஏதுமில்லை. எழுத்துக்கென ஒரு நேரத்தை ஒதுக்கி, அந்த நேரத்துக்குத் தவறாமல் வந்து அமர்ந்தார், அவ்வளவே.

ஆசிரியபீடங்களை நடத்துவோருக்கு நான் சொல்வது இதுதான். இரவுக் கடமை தவிர்க்க முடியாதது என்பதை அறிவேன். இரவு விழித்தவனுக்குப் பகலை முழுமையாகக் கொடுங்கள். சிந்தித்து எழுத வேண்டியவனுக்கு யாரும் தொடாத ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள். இவ்விரண்டையும் பறித்துக்கொண்டு, இளைய தலைமுறையிடம் புதிய சிந்தனை இல்லை என்று புலம்ப உங்களுக்கு உரிமையில்லை.