பிணம் விழுந்த பின்தானா சட்டம்?

1937-ல் அமெரிக்காவில் ஒரு கம்பெனியார் டையெதிலீன் கிளைக்கால் என்னும் விஷத்தில் மருந்தைக் கரைத்து விற்றார்கள். குடித்தவர்களில் குழந்தைகள் உள்பட 100 பேருக்கு மேல் மாண்டனர். அன்றையச் சட்டப்படி கம்பெனியின் குற்றம் என்ன தெரியுமா? சாராயம் சேராத சரக்குக்கு “எலிக்சிர்” என்று பெயரிட்டதுதான்! விஷத்தை விற்றதல்ல.

புது மருந்தை விற்குமுன், அது தீங்கற்றதென்று காட்டவேண்டுமென 1938-ல் சட்டம் வந்தது. ஆனால் பெயிண்டு, மெத்தை, துணி முதலியவற்றில் சேரும் ரசாயனங்களுக்கென 1976-ல் செய்த சட்டமோ, முன்பே புழங்கிய சுமார் 62,000 சரக்குகளைச் சோதியாமலே விட்டுவிட்டது. அதைத் திருத்த 2016 வரை, அதாவது 40 வருஷம், ஆயிற்று.

வியாபாரம் கெடுமாம்! மருந்து வியாபாரம் கெட்டா போயிற்று? தோழர்களே, விஷமில்லையென்று காட்டவேண்டியவன் விற்பவனா, பிள்ளையைப் பறிகொடுத்த தாயா என்றே நாம் கேட்கின்றோம்.