முதலாளி மாளிகை நாட்காட்டி

"வேலை போய்விட்டது" என்று வருகிறான் ஒரு தொழிலாளி. "நீக்கியவர் யார்?" என்று கேட்கிறாய். "ஒருவரும் நீக்கவில்லை, தேதி முடிந்துவிட்டது" என்கிறான். திகைக்காதே, தோழனே! மேலாளர் ஏசவில்லை; முதலாளி சீறவில்லை; வாயிற்காவலன் கழுத்தைப் பிடித்துத் தள்ளவுமில்லை. சுவரிலே தொங்கிய நாட்காட்டி ஒரு தாளை உதிர்த்தது, அவனும் உதிர்ந்தான்! நாடகம் எழுதிப் பிழைக்கும் எனக்கே இப்படியொரு காட்சி தோன்றியதில்லை. கொலை நடக்கிறது, மேடையிலே கொலைகாரனைக் காணோம்!

இக்காட்சிக்குச் சட்டம் சூட்டியிருக்கும் பெயர் 'குறித்த கால வேலை'. 2003-இல் மத்திய ஆட்சியினர் கொண்டுவந்தனர்; 2007-இல் விலக்கினர். 2016-இல் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு மட்டும் என்று மெல்ல நுழைந்தது. 2018 மார்ச்சில் எல்லாத் தொழிலுக்கும் என்று விரிந்தது. 2020-இல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலே சம்மணமிட்டு அமர்ந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை கேட்டிருப்பாய். இருக்கும் நிரந்தரப் பணியிடங்களைக் குறித்த காலப் பணியிடங்களாக மாற்றலாகாது என்று 2018 அறிவிக்கையிலாவது ஒரு தடை இருந்தது. 2020 தொகுப்பில் அந்த வரியைத் தேடிப்பார், கிடைக்காது!

"சம வேலைக்குச் சம ஊதியம் தருகிறோமே! பணிக்கொடைக்கு ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம், ஓராண்டு போதும் என்றோமே!" என்பர். உண்மை, மறுக்கவில்லை. ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு அல்லற்படுவோனைவிட இவன் நிலை ஒரு படி மேல்தான். ஆனால், தோழனே, ஊதியத்தைச் சமமாக்கியவர்கள் ஒன்றைமட்டும் பறித்துக்கொண்டார்கள். "என்னை ஏன் அனுப்புகிறாய்?" என்று கேட்கும் உரிமை அது!

1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-இல் ஒரு வேலி கட்டினார்கள். ஓராண்டு தொடர்ந்து உழைத்தவனை ஆட்குறைப்பென்று அனுப்புவதானால், காரணங்காட்டி ஒரு மாத அறிவிப்பு, இல்லையேல் அம்மாத ஊதியம். உழைத்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் நட்டஈடு. அந்த வேலி புதிய தொகுப்பிலும் நிற்கிறது, பார்வைக்கு! ஆனால் குறித்த காலம் முடிந்து வெளியேறுவது ஆட்குறைப்பே அல்லவாம். 1984-இல் வந்த திருத்தம் வேலியிலே ஓட்டை போட்டது. 2020 அந்த ஓட்டையை வாசலாக்கிவிட்டது.

பருவத்துக்கு மட்டும் நடக்கும் வேலைக்கு, ஒரு கட்டடம் எழும்பும்வரை உள்ள வேலைக்குக் காலங்குறிப்பதை எவரும் குறைகூறார். ஆண்டு முழுதும் சுழலும் இயந்திரத்துக்கு எதற்குப் பதினொரு மாதத் தொழிலாளி? ஜெர்மனியிலே, தக்க காரணமின்றிக் காலங்குறித்தால் இரண்டாண்டே எல்லை. அதற்குள் மும்முறைதான் நீட்டலாம். நம் தொகுப்பிலோ எத்தனை முறை என்பதற்கு வரம்பே இல்லை. 24 மாதங்களில் 480 நாள் உழைத்தவன் நிரந்தரத் தொழிலாளி என்று 1981-இல் தமிழகம் சட்டமியற்றியது. 480-ஆவது நாளுக்கு முன்னே தேதி முடியுமாறு தாள் தீட்டுவது எந்தக் கணக்குப்பிள்ளைக்கு அரிது?

தாள் புதுப்பிக்கப்படுமா என்று ஏங்குபவன் வாயிற் கூட்டத்திலே கை உயர்த்துவானா? சங்கத்துக்குச் சந்தா கொடுப்பானா? விரல் நசுங்கினால்கூட வாய் திறக்க அஞ்சுவான். முதலாளிக்கு மிச்சமாவது நட்டஈட்டுப் பணம் மட்டுமல்ல!

ஆகவே, அவன் உன் கிளைக்கு வந்தால், தேநீரும் ஆறுதலும் தந்து அனுப்பிவிடாதே. தாள்களை வாங்கு, தேதிவாரியாக அடுக்கு. இடையிலே சில நாள் வெட்டு, ஆனால் அதே இயந்திரம், அதே வேலை என்றால் குறித்துக்கொள். மறுநாள் அவன் இடத்தில் நின்றவன் யார் என்று கேள். ஓராண்டு கடந்தவன் என்றால் பணிக்கொடை கைக்கு வந்ததா என்று கேள். பிறகு அவனையும் அழைத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலர் வாயிலுக்கு நட, தனியே அனுப்பாதே.