சதையும் ஆட்கொல்லியும்

தங்கவயல் சுரங்கத் தொழிலாளியின் இருமலுக்குச் ‘சிலிக்கோசிஸ்’ எனப் பெயரிட்டால்தான் இழப்பீடு கிடைத்தது. நோயின் பெயர் வாழ்வைத் தீர்மானிக்கும் என்று கற்ற அந்த ஊரிலிருந்து எழுதுகிறேன்.

கண்ணின் வெள்ளைப்பகுதியில் எது வளர்ந்தாலும் ‘சதை’ என்கிறோம், எச்.ஐ.வி. தொற்றை ‘ஆட்கொல்லி’ என்கிறோம். முதற்சொல் அலட்சியத்தை வளர்க்கிறது, இரண்டாவது அச்சத்தை.

அச்சதைகளுள் சில, கண்ணின் மேற்பரப்புப் புற்று. வெயிலின் புற ஊதாக்கதிர் அதற்கு ஒரு காரணம், எச்.ஐ.வி.யால் நலிந்த நோயெதிர்ப்பாற்றல் மற்றொன்று. 1990களிலேயே ருவாண்டா, உகாண்டா ஆய்வுகள் இத்தொடர்பைக் காட்டின, ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவன ஆய்வாளர்களும் பதிவு செய்துள்ளனர். சிலருக்குத் தொற்றின் முதல் அறிகுறியே இக்கட்டிதான்.

ஆகவே, ஐயத்திற்குரிய சதையை வெட்டியெடுத்துத் திசு ஆய்வுக்கு அனுப்பாமல் விடுவது மன்னிக்கத்தக்கதன்று. புற்றெனத் தெரிந்தால், குறிப்பாக இளவயதினருக்கு, எச்.ஐ.வி. பரிசோதனையும் வேண்டும். அதற்கு நோயாளியின் ஒப்புதல் தேவை என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். ‘ஆட்கொல்லி’ என்று அச்சுறுத்தும் மொழியில் ஒப்புதல் எங்கிருந்து வரும்?

2004 முதல் அரசு கூட்டுமருந்தை இலவசமாக வழங்குகிறது. அதை முறையாக உண்போர் நெடுநாள் வாழ்கின்றனர். இன்னமும் ‘ஆட்கொல்லி’ என எழுதும் தமிழாய்வாளர்களே, அது கலைச்சொல் அன்று, தீர்ப்பு. அதைத் திரும்பப் பெறுங்கள்.